பிறந்த ஊர் காணாத பொக்கிஷம்

2019-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி மதுரை உலகத் தமிழ்ச் சங்கக் கட்டிடத்தில் ஒரு கண்காட்சி திறந்து வைக்கப்பட்டது. கீழடியில் பூமியிலிருந்து தோண்டியெடுத்த பானைகள், எழுத்துக் கீறிய ஓடுகள், மணிகள், சுடுமண் விளையாட்டுக் காய்கள், நூல் நூற்கும் தக்களியின் வில்லைகள், சிறு பொன் துணுக்குகள் ஆகியவையே அங்கு வைக்கப்பட்டிருந்தன. நிரந்தரமான இடம் கிடைக்கும் வரையில் தற்காலிகமாகக் காட்டுவதென்பதே ஏற்பாடு. ஆயினும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் குடியானவர்களும் திரள் திரளாக வந்து பார்த்தார்கள். உடைந்த ஓட்டைப் பார்க்க ஜனங்கள் வருவார்களா என்று ஐயுற்றவர்களுக்கு அந்தக் கூட்டமே பதில் கூறிவிட்டது. பின்னர் 2023-ம் வருஷம் மார்ச்சு மாதம் 5-ந் தேதி கீழடிக்குப் பக்கத்திலேயே, செட்டிநாட்டு வீட்டின் அமைப்பில், சொந்த மியூஸியம் திறக்கப்பட்டது. அதற்குத் தூண்டுகோலாயிருந்தவற்றுள் மதுரைக் கண்காட்சி ஏற்படுத்திய ஆவலும் ஒன்று என்பது நமது அபிப்பிராயம்.

சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ வைத்துப் பிறகு கலைத்துவிடும் கண்காட்சியை அலங்காரக் காரியமென்று நினைப்பவர் நம்மில் பலர். மந்திரி ஒருவர் வந்து நாடாவைக் கத்தரிப்பார், மறுநாள் பத்திரிகையில் படம் வரும், அத்துடன் முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். இவ்வெண்ணம் தவறு. நமது ஜில்லாக்களிலுள்ள மியூஸியங்களுக்கு உயிர் கொடுக்கக்கூடியதும், நமது கிராமங்களுக்குச் சர்க்கார் பட்டிருக்கும் பழைய கடன் ஒன்றைத் தீர்க்கக்கூடியதும் இத்தகைய தற்காலிகக் கண்காட்சியே என்று நாம் கருதுகிறோம். அந்தக் கடன் எப்படி ஏற்பட்டது என்பதை முதலில் சொல்லவேண்டும்.

சென்னை மியூஸியம் 1851-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அதற்கு முதல் அதிகாரியாயிருந்தவர் எட்வர்டு பால்பர் என்ற டாக்டர். கல்லையும் எலும்பையும் பார்க்க ஜனங்கள் தாமாக வரமாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே உயிருள்ள மிருகங்களை மியூஸியத் தோட்டத்தில் வைத்தார். கூட்டம் பெருகிற்று. சென்னை மிருகக்காட்சிசாலையின் ஆரம்பம் அதுவே. பின்னர் மிருகங்கள் வேறிடம் போயின. பட்டணத்து ஜனங்கள் மிருகக்காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்றும், எழும்பூர் மியூஸியத்திற்குச் ‘செத்த காலேஜ்’ என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். நகைச்சுவைக்காக வைத்த பெயரேயாயினும் அதில் ஒரு விமரிசனமும் அடங்கியிருக்கிறது. ஒரு தடவை பார்த்தவன் மறு தடவை வந்தாலும் அதே அலமாரியில் அதே பொருள் அதே சீட்டுடன் இருக்குமானால், அந்த இடத்தை உயிருள்ள இடமென்று அவன் ஏன் சொல்லவேண்டும்? பால்பர் துரை புலியைக் கொண்டு செய்த காரியத்தை இன்று மாறி மாறி வரும் கண்காட்சிகளைக் கொண்டுதான் செய்யவேண்டியிருக்கிறது.

மியூஸியத்தில் பொருள்கள் எவ்வாறு சேர்ந்தன? அவற்றுள் பல விலை கொடுத்து வாங்கியவை அல்ல. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பூமிக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவன் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். சர்க்கார் அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், அதிலுள்ள உலோகம் முதலியவற்றின் மதிப்பையும், அம்மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். தஞ்சை ஜில்லாவில் உழவன் ஒருவன் கலப்பையில் தட்டுப்பட்ட சோழர் காலத்து விக்கிரகத்திற்குச் செம்பின் விலையும் அதற்குமேல் கொஞ்சமும் தந்துவிட்டால் சட்டத்தின் கணக்கு தீர்ந்தது. ஆயிரம் வருஷங்களுக்கு முன் அதை வார்த்த ஸ்தபதியின் கைக்கும், ஆபத்துக் காலத்தில் அதை மண்ணுக்குள் ஒளித்து வைத்த முன்னோர்களின் அன்புக்கும் சட்டத்தில் விலை கிடையாது. கலெக்டர் கச்சேரியிலிருந்து விக்கிரகம் எழும்பூருக்குப் போகும். அகப்பட்ட நாளில் ஊரார் பார்த்ததே கடைசித் தரிசனம்.

இந்தச் சட்டம் கெட்ட சட்டமென்று நாம் கூறவில்லை. அது இல்லாவிட்டால் எத்தனையோ அரிய வார்ப்புகள் உருக்கப்பட்டுப் பாத்திரங்களாகவோ, கப்பலேறி அன்னிய நாட்டுச் செல்வர்களின் வரவேற்பறைக்கு அலங்காரமாகவோ போயிருக்கும். பொக்கிஷத்தைக் காப்பாற்றியது சட்டம். ஆனால் காப்பாற்றிய பொருளைப் பெற்ற ஊருக்குக் காட்டுவதும் கடமை என்பதை அது சொல்லாமல் விட்டுவிட்டது. அந்தக் குறையை நிறைவு செய்யும் வழியைத்தான் நாம் இங்கு ஆராய்கிறோம்.

இரண்டு உதாரணங்கள் கூறுவோம். திருவெண்காட்டில் பூமியிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகள் உலகப் பிரசித்தி பெற்றவை. காளையின்மீது கை வைத்து நிற்கும் பாவனையில், காளையில்லாமலே காளை இருப்பதாகத் தோன்றும்படி அமைந்த ரிஷபவாகன தேவர் அவற்றுள் ஒருவர். 1011-ம் வருஷத்தை ஒட்டியது அத்திருமேனி என்பது திருவெண்காட்டுக் கோயிற் கல்வெட்டிலிருந்து தெரிகிறது. அவர் தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். அதே ஊரில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் எழும்பூரில் இருக்கிறார். ஒரே ஊரின் மண்ணிலிருந்து வெளிவந்த இவ்விருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க ஒருவன் விரும்பினால் என்ன செய்வது? இரண்டு நகரங்களுக்கு ரயிலேறிப் போய், ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றொன்றைப் பார்க்கவேண்டியதுதான். இவை அனைத்தையும் ஒரு மாத காலம் மாயவரத்திலோ தஞ்சையிலோ ஒரே கூடத்தில் வைத்தால், சிற்பம் பயிலும் மாணவன் ஒரு பகலில் கற்பதைப் பத்துப் புத்தகங்களைப் படித்தும் கற்க முடியாது.

இரண்டாவது உதாரணம் ஆதிச்சநல்லூர். தாமிரபரணியின் கரையில் 114 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பறம்பில் 1876-ம் வருஷத்தில் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். அவர் கண்டெடுத்தவை பெர்லின் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அதன் பிறகு 1899-ம் வருஷம் முதல் சில வருஷ காலம் அலெக்சாண்டர் ரீ துரை தோண்டினார். தாழிகள், இரும்பு ஆயுதங்கள், விலங்கு உருவங்கள் அமைந்த வெண்கல மூடிகள், நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள் முதலியவை ஆயிரக்கணக்கில் அகப்பட்டன. அவை சென்னைக்குச் சென்றன. 2004-ம் வருஷத்தில் மத்திய தொல்பொருள் இலாகாவினர் மறுபடியும் தோண்டி நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டார்கள். ஆக, ஆதிச்சநல்லூரைப் பற்றி ஜெர்மனியிலுள்ள பண்டிதர்கள் எழுதினார்கள். சென்னையிலுள்ள பண்டிதர்கள் எழுதினார்கள். அந்தப் பறம்பின்மேல் ஆடு மேய்த்த சிறுவன், தன் காலின்கீழ் என்ன இருந்ததென்பதை நூறு வருஷத்துக்கு மேல் கண்ணால் பார்த்ததில்லை.

நமது பொருள்கள் பிரயாணமே செய்வதில்லையென்று சொல்லுவதற்கில்லை. வெகுதூரம் பிரயாணம் செய்திருக்கின்றன. தேசம் சுதந்திரமடைந்த 1947-ம் வருஷத்தின் இறுதியில் லண்டன் ராயல் அகாடமியில் இந்திய, பாகிஸ்தான் கலைகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. மாகாண சர்க்கார்களும், மியூஸியங்களும், தனிப்பட்ட செல்வர்களும் தங்கள் பொருள்களை இரவல் கொடுத்தார்கள். 1948 பிப்ரவரி வரையில் லண்டன் வாசிகள் அவற்றைக் கண்டு களித்தார்கள். கப்பலில் திரும்பி வந்த பொருள்களை அவரவர்களிடம் ஒப்புவிக்கும் முன்பு, நமது ஜனங்களும் பார்க்கட்டுமென்று டில்லியில் கவர்னர் ஜெனரல் மாளிகையின் கூடங்களில் வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் தேசத்திற்கு ஒரு பெரிய மியூஸியம் வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. 1949-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி, அதே மாளிகையில், கவர்னர் ஜெனரல் ராஜாஜி தேசீய மியூஸியத்தைத் திறந்துவைத்தார். இப்போதுள்ள சொந்தக் கட்டிடத்தின் திறப்புவிழா 1960-ம் வருஷம் டிசம்பரில்தான் நடந்தது. டில்லி மியூஸியத்துக்கு வித்தாக அமைந்தது ஒரு தற்காலிகக் கண்காட்சி என்பதை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தச் சரித்திரத்தில் பெருமையும் உண்டு, படிப்பினையும் உண்டு. கிராமத்திலிருந்து மாகாணத் தலைநகருக்கும், அங்கிருந்து லண்டனுக்கும், லண்டனிலிருந்து டில்லிக்கும் பொருள்கள் சென்றன. வண்டி எப்போதும் பெரிய ஊரை நோக்கியே ஓடிற்று. சிறிய ஊரை நோக்கி அதைத் திருப்பவேண்டுமென்ற யோசனை யாருக்கும் தோன்றவில்லை. அதன் பின்னரும் இதே கதைதான். 2002-ம் வருஷத்தில் வாஷிங்டனிலும், 2006-ம் வருஷத்தில் லண்டனிலும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கென்றே தனிக் கண்காட்சிகள் நடந்தன. 2023-ம் வருஷத்தில் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூஸியத்தில் பழைய பௌத்த சிற்பங்களின் கண்காட்சி நடந்தபோது, இந்தியாவிலுள்ள பல மியூஸியங்கள் தங்கள் சிற்பங்களை அனுப்பின. இவற்றில் தவறு ஏதுமில்லை. நமது கலையின் மேன்மையை உலகம் அறிவது நமக்குக் கௌரவமே. ஆனால் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் கல்லை அனுப்ப முடியுமானால், இருநூறு மைலுக்கு அப்பாலுள்ள ஜில்லாத் தலைநகருக்கு ஒரு செப்பு விக்கிரகத்தை அனுப்ப முடியாது என்பதை எவ்வாறு ஒப்புக்கொள்வது?

மற்ற தேசத்தார் தங்கள் நாட்டுக்குள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஸ்காட்லாந்துக்கு மேற்கே லூயிஸ் என்ற தீவு இருக்கிறது. அங்கே 1831-ம் வருஷத்தில் கடற்கரை மணலில் பழைய சதுரங்கக் காய்கள் அகப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை லண்டனுக்கும், சில எடின்பரோவுக்கும் போயின. 2010-ம், 2011-ம் வருஷங்களில் அவற்றில் முப்பது காய்களை எடுத்துக்கொண்டு ஒரு கண்காட்சி ஸ்காட்லாந்தின் ஊர்களில் சுற்றிவந்து, கடைசியில் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே பட்டணத்தை அடைந்தது. அதற்குச் சில வருஷங்களுக்குப் பின் அவ்வூரில் புதிய மியூஸியம் அமைந்தபோது, ஆறு காய்கள் நீண்டகால இரவலாக அங்கே வைக்கப்பட்டன. இங்கிலாந்தின் வடகோடியில் லிண்டிஸ்பார்ன் தீவின் மடத்தில் எழுதப்பட்ட வேதப் புத்தகச் சுவடி லண்டன் நூல்நிலையத்தில் இருக்கிறது. 2013-ம் வருஷத்தில் அது வடக்கேயுள்ள டர்ஹாம் நகரத்திற்கு மூன்று மாத காலம் அனுப்பப்பட்டது. சுமார் லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். பிரான்ஸ் தேசத்தார் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு ஏழ்மைப்பட்டுப் போன லான்ஸ் என்ற ஊரில், பழைய சுரங்கம் இருந்த இடத்திலேயே, 2012-ம் வருஷத்தில் பாரிஸ் லூவர் மியூஸியத்தின் கிளை ஒன்றைத் திறந்தார்கள். அங்கே வைத்திருப்பவை பாரிஸிலிருந்து வரும் இரவல் பொருள்களே. காலத்துக்குக் காலம் மாற்றப்படுபவை. சுரங்கத் தொழிலாளியின் மகனும் பாரிஸ் செல்வனின் மகன் பார்ப்பதைப் பார்க்கட்டும் என்பது அந்த சர்க்காரின் நோக்கம். தன் நாட்டுச் சிறு தீவுக்கு இந்த நியாயத்தை வழங்கும் லண்டன் மியூஸியம், தன்னிடமுள்ள அமராவதிச் சிற்பங்களைப் பற்றி இதே நியாயத்தை நினைத்துப் பார்க்குமானால் நலம். அது வேறு விவாதம்; இங்கு விரிக்கவில்லை.

நம் தேசத்திலும் முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. 2017-ம் வருஷம் நவம்பரில் பம்பாய் மியூஸியத்தில் இந்தியாவையும் உலகத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் கண்காட்சி ஒன்று நடந்தது. லண்டன் மியூஸியத்துப் பொருள்களும், இந்தியாவின் பல மியூஸியங்களிலிருந்து வந்த பொருள்களும் சேர்ந்து சுமார் இருநூறு. பம்பாயில் முடிந்தபின் 2018-ல் அது டில்லிக்குச் சென்றது. சென்னைக்கு வரவில்லை. அதே பம்பாய் மியூஸியத்தார் 2015-ம் வருஷம் முதல் ஒரு பஸ்ஸையே மியூஸியமாக அமைத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் கிராமங்களுக்கும் அனுப்பி வருகிறார்கள். பம்பாயால் முடிந்தது சென்னையால் முடியாதா?

முடியாது என்பவர்கள் சில ஆக்ஷேபங்களைக் கூறுகிறார்கள். அவற்றை அலட்சியம் செய்யாமல் பரிசீலிப்பது அவசியம்.

முதலாவது, பொருளுக்குச் சேதம் வரும் என்பது. பழஞ்செம்பு தோற்றத்திற்கு உறுதியாயிருந்தாலும் நோய் கொள்ளக்கூடியது. பூமிக்குள் கிடந்தபோது உப்பு ஊறியிருக்குமானால், காற்றில் ஈரம் ஏறினவுடன் பச்சைப் பொடி பூத்து உடம்பையே அரித்துவிடும். ஆகவே ஈரம் ஏறாமல் காக்கும் கண்ணாடிப் பெட்டி வேண்டும். அடைத்து அனுப்புகிறவனுக்குப் பயிற்சி வேண்டும். புறப்படும்போதும் வந்து சேர்ந்தபோதும் படமெடுத்து நிலைமையைக் குறித்து வைக்கவேண்டும். இவை உண்மையே. ஆனால் எழும்பூரில் 1930-ம் வருஷத்திலேயே பழம்பொருள்களுக்கு வைத்தியம் செய்யும் ரசாயனசாலை ஏற்பட்டுவிட்டது. பரமசிவன் என்ற விஞ்ஞானி அங்கே மின்சார முறையால் செப்புத் திருமேனிகளின் நோயை நீக்கிக் காட்டினார். இவ்வளவு நீண்ட அனுபவமுள்ள ஸ்தாபனம், திருநெல்வேலிக்குப் பொருளனுப்ப அறிவு போதவில்லையென்று சொல்லுமா? மேலும், ஓவியம், பட்டு, ஓலை, காகிதம் போன்றவை வெளிச்சத்தைத் தாங்காதவை. ஐம்பது லக்ஸ் அளவுள்ள மங்கிய ஒளியில், அதுவும் சில மாதங்களே காட்டிவிட்டு இருட்டறையில் ஓய்வு கொடுக்கவேண்டுமென்பது அத்துறையில் வல்லவர்களின் விதி. அத்தகைய பொருள்களை ஜனங்களுக்குக் காட்டுவதற்குத் தற்காலிகக் கண்காட்சியைத் தவிர வேறு வழியே இல்லை.

இரண்டாவது ஆக்ஷேபம் திருட்டைப் பற்றியது. விக்கிரகத் திருடர்களின் கைவரிசையை நாம் அறியாதவர்கள் அல்ல. ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் கடல் கடந்து, 2008-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவின் தேசீயக் கலைக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு விற்கப்பட்டார். 2014-ம் வருஷத்தில்தான் திரும்பினார். அவரைத் திருப்பிக் கொண்டுவர உதவிய சாட்சி எது? முன்பு புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்து வைத்திருந்த புகைப்படம். பூட்டிக் கிடந்த கோயிலில், யாரும் பாராமல் இருந்தபோதுதான் அவர் திருடு போனார் என்பதை மறக்கலாகாது. பலர் கண்டு, படமெடுத்து, பெயர் சொல்லி அறிந்த பொருளை விற்பது கடினம். ஊரார் முகமறியாத பொருள் காணாமற்போனால் கேட்பாரில்லை. ஜனங்களின் பார்வையும் ஒரு காவல்தான்.

மூன்றாவது ஆக்ஷேபத்தை வெளிப்படையாகச் சொல்லத் தயங்குகிறார்கள், நாம் சொல்லிவிடுவோம். விக்கிரகம் பிறந்த ஊருக்குப் போனால், ஜனங்கள் மாலை சாத்திக் கற்பூரம் காட்டுவார்கள். பிறகு திரும்பி வரவிடமாட்டார்கள் என்ற பயம். இந்தப் பயத்துக்குக் கொஞ்சம் ஆதாரமும் உண்டு. விக்கிரகம் கோயிலுக்கு உரியதா, மியூஸியத்துக்கு உரியதா என்ற கேள்வி பல ஊர்களில் உயிருடன் இருக்கிறது. அதை ஒரு கண்காட்சி தீர்த்துவைக்கப் போவதில்லை. தீர்க்கவேண்டிய இடமும் அதுவல்ல. ஆனால் இத்திருமேனிகள் எதற்காக வார்க்கப்பட்டவை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இவற்றுள் பெரும்பாலானவை உற்சவ மூர்த்திகள். தண்டு கோத்துத் தூக்கிச் செல்வதற்கென்றே பீடத்தில் துளையும் வளையமும் வைத்து ஸ்தபதிகள் வார்த்திருக்கிறார்கள். மூலவர் நிலைபெயராதவர். உற்சவரோ வீதிக்கு எழுந்தருளி, நடக்க முடியாத கிழவனுக்கும் வாசலில் தரிசனம் கொடுத்து, நிலைக்குத் திரும்புகிறவர். புறப்பாடும் திரும்புதலும் நமது ஜனங்களுக்குப் புதிய விஷயமல்ல. தேர் நிலைக்கு வந்து சேரவேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. எழுத்து மூலமான ஒப்பந்தம், திட்டமான தேதி, ஊர்ப் பெரியவர்களைக் கலந்து செய்த ஏற்பாடு ஆகியவை இருந்தால் இந்தப் பயம் தானே அடங்கிவிடும். ஜனங்களை நம்பாத ஸ்தாபனத்தை ஜனங்களும் தங்களுடையதாக நினைக்கமாட்டார்கள்.

நான்காவது ஆக்ஷேபம் பணம். விலைமதிப்பற்ற பொருளுக்கு இன்ஷூரன்ஸ் கட்டினால் ஜில்லா மியூஸியத்தின் வருஷ வரும்படியே போதாது என்பது உண்மை. இதற்கும் பிற நாடுகள் வழி கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1975-ம் வருஷத்திலும், பிரிட்டனில் 1980-ம் வருஷத்திலும் சட்டம் செய்து, கண்காட்சிக்காகப் போகும் பொருளுக்கு நஷ்டம் வந்தால் சர்க்காரே ஈடு செய்வதாகப் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். பிரீமியம் கட்டும் செலவு ஒழிந்தது. நமது விஷயத்தில் கொடுக்கும் மியூஸியமும் சர்க்காருடையது. வாங்கும் மியூஸியமும் சர்க்காருடையது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவதற்குப் பணமில்லையென்று சொல்லுவது விசித்திரமே.

இந்த ராஜ்யத்தில் சென்னையைத் தவிர ஜில்லாக்களில் இருபது மியூஸியங்களுக்குக் குறைவில்லை. புதுக்கோட்டை மியூஸியம் சமஸ்தான காலத்தில், 1910-ம் வருஷத்திலேயே ஏற்பட்டது. ஆகவே புதிதாக மாளிகைகள் கட்டவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு மியூஸியத்திலும் ஒரு கூடத்தை, பூட்டுறுதியும் தீத்தடுப்பும் ஈரக் காப்பும் உள்ளதாகச் செப்பனிட்டு, மாறி மாறி வரும் கண்காட்சிக்கென்று ஒதுக்கி வைக்கவேண்டும். ஒவ்வொரு ஜில்லாவிலிருந்தும் எழும்பூருக்குச் சென்ற பொருள்கள் எவை, எந்த ஊரில் எந்த வருஷத்தில் கிடைத்தவை என்று தனித்தனி ஜாபிதா தமிழில் அச்சிட்டு, அந்தந்த ஜில்லாவின் நூல்நிலையங்களிலும் பள்ளிகளிலும் வைக்கவேண்டும். தன் ஊரின் பெயரை அந்த ஜாபிதாவில் படிக்கும் பையன், அதைப் பார்க்கவேண்டுமென்று கேட்காமல் இரான். அவன் கேட்கத் தொடங்கினால் சர்க்காரும் செவி சாய்க்கவேண்டி வரும். வருஷத்திற்கு ஒரு தடவையாவது அந்த ஜில்லாவின் பொருள்களில் சில, அந்த ஜில்லாவுக்கு வந்து இரண்டொரு மாதம் தங்கவேண்டும். இதுவே நமது கோரிக்கையின் சாரம்.

அந்தக் கூடம் பழமைக்கு மட்டுமே உரியதாக இருக்கவேண்டியதில்லை. கும்பகோணத்தில் சர்க்கார் ஓவியக் கல்லூரி இருக்கிறது. மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயின்று வெளிவரும் இளைஞன் தன் படைப்பைக் காட்டவேண்டுமானால், சென்னைக்குப் போய் வாடகைக் கூடத்தைத் தேடவேண்டியிருக்கிறது. சோழ ஸ்தபதியின் திருமேனி ஒருபுறமும், இன்றைய மாணவனின் சிற்பம் மறுபுறமும் ஒரே கூடத்தில் இருக்குமானால், மாணவனுக்கு அதைவிடச் சிறந்த ஆசான் வேறில்லை. அதைவிடக் கடுமையான பரீட்சையும் வேறில்லை.

நமக்கு உரிமை கேட்கும்போது நமது கடமையையும் மறக்கலாகாது. எழும்பூரின் பெருமைகளுள் ஒன்றான அமராவதிச் சிற்பங்கள் கிருஷ்ணா நதிக்கரையிலிருந்து வந்தவை. அன்று ஆந்திரமும் தமிழ்நாடும் ஒரே ராஜதானியில் இருந்தபடியால் அவை சென்னைக்கு வந்தன. ராஜதானி பிரிந்துவிட்டது, சிற்பங்கள் இங்கேயே இருக்கின்றன. திருவெண்காட்டுக்கு எந்த நியாயமோ அதே நியாயம் அமராவதிக்கும் உண்டு. பெரிய கற்பலகைகளை அசைப்பது எளிதல்ல. ஆயினும் சிறியவற்றில் சிலவாவது அவ்வூருக்குச் சென்று சிலகாலம் தங்கி வரட்டும். கொடுக்கத் தெரிந்தவன் கேட்டால்தான் கேள்விக்கு மதிப்பு.

கடைசியாக ஒரு வார்த்தை. பாளையங்கோட்டைக்கு அருகே ரெட்டியார்பட்டி மலைச்சாரலில் பொருநை நாகரிகத்திற்கென்று மியூஸியம் கட்டப்பட்டிருக்கிறது. சமீப காலத்தில் அந்நதிக்கரையில் தோண்டியெடுத்தவற்றுக்கு உரிய இடம் அது. அங்கே ஒரு கண்காட்சி நடத்தவேண்டும். எழும்பூரிலுள்ள பொற்பட்டங்களும் வெண்கல மூடிகளும் வரவேண்டும். 1876-ல் பெர்லினுக்குப் போனவற்றையும் இரவலாகக் கேட்டு வாங்கவேண்டும். ஒரே பறம்பிலிருந்து புறப்பட்டு மூன்று திசைகளில் பிரிந்து போனவை, சில மாதங்களாவது ஒரே கூரையின்கீழ் சேரட்டும். ஜெர்மானியர் மறுப்பார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யவேண்டாம். கேட்கவேண்டியது நமது சர்க்காரின் கடமை. கேட்கச் செய்யவேண்டியது நமது தேசபக்தர்களின் கடமை. நகரசபை, ஜில்லா நிர்வாகம், சட்டசபை ஆகிய எல்லா இடங்களிலும் இப்பிரச்னையை எழுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சாலை வேண்டும், குடிநீர் வேண்டும் என்று கேட்பதைப்போலவே இதையும் கேட்கலாம், வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. அவ்வாறு ஒரு கண்காட்சி நடக்குமானால், ஆதிச்சநல்லூர்ச் சிறுவன் ஒருவன் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று, ‘இது எங்கள் ஊரில் எடுத்தது’ என்று தன் தங்கைக்குச் சொல்லக்கூடும். அந்த ஒரு வாக்கியத்தை அவன் வாயில் வரவழைக்கும் நாளில்தான் மியூஸியம் ‘செத்த காலேஜ்’ என்ற பெயரிலிருந்து விடுபடும்.